டெலிவரி நோட்டில் ஏறாத வாக்குறுதிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய கார் வாங்கியவர்களின் மனக்குறையைக் காது கொடுத்துக் கேட்டால் ஒன்று புரியும். கார் வேலை வைத்துவிட்டதே என்பது அவர்களுடைய முதல் வருத்தமல்ல. செகண்ட் ஹேண்ட் என்றால் செலவு வரும் என்று தெரிந்துதான் வாங்குகிறார்கள். வயிறு எரிவது அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்துத்தான். பணம் கட்டும்வரை காலையும் மாலையும் வாட்ஸ்அப்பில் வணக்கம் வைத்த சேல்ஸ்மேன், பணம் ஏறிய மறுவாரம் போனை எடுப்பதில்லை. நேரில் போனால் "அவர் வேற பிராஞ்சுக்குப் போயிட்டார்" என்கிறார்கள். கஸ்டமர் கேருக்குப் பேசினால் ஒரு புகார் எண் தருகிறார்கள். மூன்றாம் நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. வண்டி அதே இடத்தில் அதே பழுதோடு நிற்கிறது.

இதை மரியாதைக் குறைவு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் தீர்வு கிடைக்காது. விற்பவர் தப்பித்துக்கொள்வது ஒரே ஒரு சந்தில்தான்: வாயால் சொன்னது எதுவும் காகிதத்தில் இல்லை. அந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்று வாங்குகிற பொதுமக்களுக்கும், அடைக்க வேண்டிய பொறுப்பில் இருக்கும் போக்குவரத்துத் துறைக்கும் தெரியட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

நம் ஊர் கார் கன்சல்டிங்குகளில் கொடுக்கும் டெலிவரி நோட்டை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அரைப் பக்கத் தாள். வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், தேதி, மணி. கீழே அச்சடித்த வாசகம்: இந்த நேரம் முதல் இந்த வாகனத்தால் ஏற்படும் விபத்து, வழக்கு, அபராதம் அனைத்துக்கும் நானே பொறுப்பு, வாகனத்தை ஓட்டிப் பார்த்து முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன். அதன் கீழ் வாங்குபவர் கையெழுத்து, வருவாய் ஸ்டாம்ப். கிலோமீட்டர் எவ்வளவு என்று இல்லை. எத்தனை சாவி என்று இல்லை. வாரன்ட்டி உண்டா என்று இல்லை. பெயர் மாற்றம் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று இல்லை. அந்தத் தாளில் விற்பவரைக் காப்பாற்ற எல்லாம் இருக்கிறது. வாங்குபவரைக் காப்பாற்ற ஒரு வரிகூடக் கிடையாது. பெரிய ஷோரூம்களில் தாள் பளபளப்பாக இருக்கும், பக்கங்கள் கூடுதலாக இருக்கும். உள்ளே இருக்கும் சங்கதி பெரும்பாலும் இதுதான்.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, அந்த நோட்டின் வெற்றிடத்தில் பேனாவால் சில வரிகளை எழுதி, கடையின் முத்திரையோடு கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இன்றைய ஓடோமீட்டர் எண், இந்த வண்டி விபத்தில் பெரிய அடி பட்டதோ வெள்ளத்தில் மூழ்கியதோ அல்ல என்ற உறுதி, எத்தனையாவது ஓனர், கொடுக்கும் சாவிகளின் எண்ணிக்கை, செய்து தருவதாகச் சொன்ன வேலைகள், ஒவ்வொன்றுக்கும் தேதி, பெயர் மாற்றிய ஆர்.சி. எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், அதன் செலவு யாருடையது என்பது. "அதெல்லாம் நம்பிக்கைதான் சார்" என்று சிரித்துக்கொண்டே மறுப்பவரிடம் வண்டி எடுக்க வேண்டாம். அட்வான்ஸ் கைமாறிய பிறகு இந்த வரிகளைக் கேட்டால் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள். வண்டி விற்றதும் இணையத்தில் இருந்த பக்கத்தை எடுத்துவிடுவார்கள். "சிங்கிள் ஓனர், 42,000 கி.மீ., முழுக் கம்பெனி சர்வீஸ்" என்று போட்டிருந்ததைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது சின்ன வேலை. அதன் பலம் பெரிது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'குறைபாடு' என்பதற்குச் சொல்லும் இலக்கணத்தில், சட்டமும் ஒப்பந்தமும் கேட்கும் தரம் மட்டுமல்ல, வியாபாரி எந்த விதத்திலாவது இருப்பதாகச் சொல்லிக்கொண்ட தரமும் அடங்கும். விளம்பர வரியும் வாட்ஸ்அப் செய்தியும் இதற்குள் வரும். செய்திகளை அழிக்காதீர்கள், போன் மாற்றினாலும் பழைய போனை எடுத்து வையுங்கள். மின்னணுச் சாட்சிக்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று கேட்டால், மூலச் செய்தி இருக்கும் கருவி கையில் இருப்பது நல்லது.

அடுத்தது பில். "பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஏறும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லி பில் இல்லாமல் அனுப்புவது பரவலாக நடக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற பழைய கார் வியாபாரி, உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காத (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளாத) வண்டிக்கு, தன் லாபத்தின் மேல் மட்டுமே வரி கட்டுகிறார். 2025 ஜனவரி முதல் எல்லாப் பழைய வாகனங்களுக்கும் அந்த விகிதம் 18 சதவீதம். 4 லட்சத்துக்கு வாங்கிய வண்டியை 4.5 லட்சத்துக்கு விற்றால் லாபம் 50,000, வரி 9,000. முழு விலைக்கும் 18 சதவீதம் போட்டு 81,000 என்று பயமுறுத்துவது பொய். பில் தர மறுப்பதையே நுகர்வோர் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதே சட்டத்தின் இன்னொரு வாசகத்தையும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும், அப்படிக் காலம் ஏதும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறையே. 31ஆம் நாள் விழித்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

பணத்தைக் கடையின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். சேல்ஸ்மேனின் சொந்த யு.பி.ஐ.க்கோ, "ஓனர் அக்கவுன்ட்" என்று காட்டப்படும் எவருடைய கணக்குக்கோ அனுப்பினால், பின்னால் கடைக்காரர் "நான் வெறும் புரோக்கர், விற்றவர் பழைய ஓனர்" என்று கைகழுவ அதுவே வழி. புரோக்கர் என்றாலும் கமிஷன் வாங்கிக்கொண்டு செய்வது சேவைதான், சேவைக் குறைபாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அதை நிரூபிக்கிற பாரம் நம் தலையில் விழும்.

இனி வண்டிக்கு வருவோம். டெஸ்ட் டிரைவில் நன்றாக இருந்த கார் மூன்றாவது வாரத்தில் ஏன் சண்டித்தனம் செய்கிறது? ராசியைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்பனைக்குத் தயார் செய்யும்போது செய்யப்படும் சில வேலைகளின் ஆயுளே அவ்வளவுதான்.

செக் இன்ஜின் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரை மாட்டிக் கோளாறுக் குறியீட்டை அழித்தால் விளக்கு உடனே அணைந்துவிடும், கோளாறு அப்படியே இருக்கும். பல கோளாறுகளுக்கு, இன்ஜின் குளிர்ந்த நிலையில் தொடங்கி முழுச் சூடு ஏறும் ஓட்டம் ஒன்றில் தவறு தெரிந்து, அடுத்த ஓட்டத்திலும் அதே தவறு தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் விளக்கை எரியவிடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போன்றவற்றைச் சோதிக்க அதற்குப் பல நாள் ஓட்டம்கூடத் தேவைப்படும். ஷோரூம் வாசலில் பத்து நிமிடம் ஓட்டியவருக்கு விளக்கு எரியாது. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் அலுவலகம் போய்வந்த பிறகு எரியும். இதைப் பிடிக்க வழி உண்டு. கடந்த 10 ஆண்டுகளில் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனரை மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். சாதாரண ஸ்கேனரே "குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரம்" எத்தனை கிலோமீட்டர் என்று பெரும்பாலான வண்டிகளில் காட்டிவிடும். 60,000 கி.மீ. ஓடிய காரில் அது 12 என்று காட்டினால், நேற்றோ இன்றோ யாரோ அழித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் 'ரெடினஸ்' பட்டியலில் பல சோதனைகள் முடியவில்லை என்று வந்தாலும் அதே சந்தேகம்தான். அண்மையில் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் இப்படிக் காட்டலாம் என்பதால், காரணத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஏ.சி.யும் அப்படியே. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் சில வாரங்களுக்குக் குளிர்ச்சி கிடைக்கும். புகை தள்ளும் இன்ஜினில் கெட்டியான ஆயிலையும் அடிட்டிவ்வையும் ஊற்றினால் சத்தமும் நீலப் புகையும் கொஞ்ச நாள் அடங்கும். இன்ஜின் அறையைக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தால் ஆயில் கசிவு எங்கிருந்து என்று தெரியாது. 200 கிலோமீட்டர் ஓடிய பின் பார்த்தால்தான் தெரியும். முக்கியமாக, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும். அன்று திரும்பிவிட்டு மறுநாள் காலையில் சொல்லாமல் போங்கள்.

ஏர்பேக் விளக்கு உயிர் சம்பந்தப்பட்டது. சாவியை ஆன் செய்ததும் அது எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைத் துண்டித்திருக்கலாம். மற்ற விளக்குகளோடு ஒட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் அணைந்தாலும் சந்தேகிக்க வேண்டும். ஒருமுறை வெடித்த ஏர்பேக்குக்குப் பதிலாகப் புதியது போடாமல், கம்ப்யூட்டரை ஏமாற்ற ரெசிஸ்டர் வைத்து மேலே கவரை ஒட்டி விற்ற வண்டிகள் உண்டு. இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஸ்கேனரும் பாடி ரிப்பேர் சரித்திரமும் வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி முழு இழப்பு என்று கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடும், வண்டி ஏலத்தில் போகும், ஆர்.சி. செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வந்துவிடும். சீட் பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். மேல்பகுதி சுத்தமாக இருக்கும். கடைசி ஒரு முழத்தில், சுருளுக்குள்ளேயே கிடந்த இடத்தில், வண்டல் கறை கோடாகத் தெரியும். பெல்ட் மட்டும் புதிதாக, மற்றதெல்லாம் பழையதாக இருந்தாலும் கேள்வி கேளுங்கள். சீட்டை முன்னே தள்ளி அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு மொறமொறவென்று காய்ந்திருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். மூழ்கிய காரின் கெடுதல் ஒரே நாளில் வருவதில்லை. கனெக்டர் பின்களில் பச்சையாகப் பூக்கும் அரிப்பு மாதக்கணக்கில் வளர்ந்து, ஒருநாள் பவர் விண்டோ, இன்னொரு நாள் ஏ.பி.எஸ்., பிறகு இன்ஜின் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாகப் போகும். அதற்குள் ஆறு மாத வாரன்ட்டி முடிந்திருக்கும்.

மீட்டரைத் திருப்பியிருப்பதைக் கண்டுபிடிக்க, சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டர்தான் முதல் சாட்சி. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. 2021 மாடல், 28,000 கி.மீ. என்று சொல்லும் வண்டியில் நான்கு டயரும் 2024இல் செய்தவை என்றால், முதல் செட் எப்போது தேய்ந்தது என்று கேட்க வேண்டும். பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், டிரைவர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பு ஆகியவற்றின் தேய்மானம் மீட்டரோடு பொருந்த வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய முதல் காரியம் கோயில் பூஜை முடிந்த கையோடு அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ, கடைக்குச் சம்பந்தமில்லாத நல்ல மெக்கானிக்கிடமோ முழுப் பரிசோதனை செய்து, எழுத்தில் அறிக்கை வாங்குவது. 5 நாள், 7 நாளில் திருப்பித் தரலாம் என்று சொல்லும் கடைகள் பெரும்பாலும் கிலோமீட்டர் வரம்பும் வைத்திருப்பார்கள். நாள் எண்ணுவது டெலிவரி நேரத்திலிருந்து. ஆறாம் நாள் மாலை போன் செய்தால் "எங்கள் ஆள் வந்து பார்ப்பார்" என்று எட்டாம் நாளுக்குத் தள்ளிவிடுவார்கள். திருப்பித் தரும் முடிவை போனில் சொல்லாமல் இ-மெயிலில் அனுப்புங்கள்.

வாரன்ட்டி வேலைக்கு வண்டியை விடும்போது ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் பாதி வழக்கு தீர்மானமாகிறது. "பொதுப் பரிசோதனை" என்று எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அப்படி எழுதினால் நீங்கள் பழுது என்று எதையும் சொல்லவில்லை என்றாகிவிடும். "சத்தம் வருகிறது" என்பதும் போதாது. "காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு, இரண்டாவது கியரில் 20 கி.மீ. வேகத்தில் வேகத்தடை ஏறும்போது, முன் இடதுபக்கம் டக் டக் சத்தம்" என்று எழுதச் சொல்லுங்கள். அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டி, அந்தச் சத்தத்தை அவரும் கேட்டதாகக் கார்டில் குறிக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் அழிப்பதற்கு முன் ஸ்கேன் ரிப்போர்ட்டை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது "சோதித்தோம், சரியாக உள்ளது" என்று எழுதியிருந்தால், கையெழுத்துக்கு மேலே "அதே பழுது தொடர்கிறது" என்று உங்கள் கையால் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். புகார் எண்ணை மூடிவிட்டுப் புதிய எண் கொடுத்தால், புதிய புகாரில் பழைய எண்களையெல்லாம் வரிசையாகக் குறிப்பிடுங்கள். நான்கு எண்கள் நான்கு தனித்தனிப் பழுதாகக் காட்டப்பட்டால், ஒரே பழுது நான்கு முறை சரிசெய்யப்படவில்லை என்ற உண்மை மறைந்துபோகும்.

"ஒரு வருட இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்ட்டி" என்பதற்குள் என்ன இருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். பெரும்பாலும் ஆயிலில் நனைந்து ஓடும் உள் பாகங்கள் மட்டுமே அதில் அடங்கும். கிளட்ச், பிரேக், ஷாக் அப்சர்பர், லோயர் ஆர்ம், பேட்டரி, வயரிங், ரப்பர் ஹோஸ் எல்லாம் விலக்கு. ஏ.எம்.டி. (தானாகக் கியர் மாறும்) வண்டியில் கியர் விழாமல் நின்றால் பொதுவாகக் கெடுவது, கியரை மாற்றும் ஆக்சுவேட்டர். அது கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் பாகம் என்று மறுத்துவிடுவார்கள். இதைவிட மோசமானது மூல காரண விதி. 300 ரூபாய் ஹோஸ் வெடித்துக் கூலன்ட் வடிந்து, இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று வையுங்கள். கேஸ்கட் வாரன்ட்டியில் உண்டு, ஹோஸ் இல்லை. காரணம் ஹோஸ் என்று சொல்லி முழுக் கிளெய்மையும் தள்ளிவிடுவார்கள். வெப்ப முள் ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, முள்ளின் நிலையையும் கி.மீ. எண்ணையும் படம் எடுத்து, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். "பக்கத்தில்தானே ஒர்க்‌ஷாப்" என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால், சூடேறிய பின்னும் ஓட்டியதால்தான் கெட்டது என்பது அவர்களுடைய அடுத்த பதில். முன்அனுமதி இல்லாமல் வெளியில் பிரித்துவிட்டாலும் கிளெய்ம் கிடையாது. கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், வாரன்ட்டிப் புத்தகத்தை டெலிவரிக்கு முன்பே வாங்கி விலக்குப் பட்டியலைப் படியுங்கள்.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் மாதக்கணக்கில் நின்றாலும் லோன் தவணையை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் தனி. கோபத்தில் இரண்டு தவணை நிறுத்தியவர்களுக்கு சிபில் மதிப்பெண்ணும் போய், வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

பெயர் மாற்றம்தான் எல்லாவற்றிலும் அதிகமாக இழுக்கப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் பழைய ஓனரின் கையெழுத்து வேண்டும். லோன் இருந்தால் ஹெச்.பி.யை (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை) கேன்சல் செய்யப் படிவம் 35, நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று); வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28. தாமதத்தின் காரணங்கள் சில்லறையானவை: அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்தில் பதிவான மொபைல் எண் பழைய ஓனரிடம் இப்போது இல்லை, ஓ.டி.பி. வரவில்லை, பழைய லோனை அடைப்பதாகச் சொன்ன கடை அடைக்கவில்லை, கட்டாத இ-சலான் இருக்கிறது, கையெழுத்துப் பொருந்தவில்லை. இவை எல்லாம் டெலிவரிக்கு முன் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடியவை. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஹெச்.பி., இன்சூரன்ஸ் தேதி தெரியும். சலானைத் தனியே பார்க்கலாம். பழைய லோன் பாக்கி என்றால், விலையில் அந்தத் தொகையை நேரடியாக அந்த லோன் கணக்கிலேயே கட்டுங்கள். "ஆர்.சி. பிராசஸில் இருக்கிறது" என்று கடை சொன்னால், விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் விண்ணப்பமே போகவில்லை என்று அர்த்தம்.

இதில் விற்றவருக்கும் ஆபத்து உண்டு. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பதிவேட்டில் பெயர் உள்ள ஓனர்தான்.

இன்சூரன்ஸைப் பற்றிக் கடைகள் சொல்லும் "ஆட்டோமேட்டிக்கா மாறிடும்" என்பது பாதி உண்மை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 157ஆம் பிரிவின்படி மாறியதாகக் கருதப்படும். நம் சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது பழைய ஓனருக்குச் சொந்தம். அந்த வித்தியாசத் தொகையை நாம் கட்ட வேண்டும். ஆர்.சி. ஒரு பெயரிலும் பாலிசி வேறு பெயரிலும் இருக்கும்போது வண்டி மோதினால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். அப்போதும் சேல்ஸ்மேன் போனை எடுக்க மாட்டார்.

இத்தனைக்கும் பிறகு கடை அசையவில்லை என்றால் என்ன செய்வது? வெளியில் கொடுத்துப் பழுது பார்த்துவிட்டு அதன் பிறகு சண்டைக்குப் போவதுதான் பலரும் செய்யும் தவறு. பிரித்துவிட்டால் பழுது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவித்து, இந்தத் தேதியில் இந்த இடத்தில் வண்டி பிரிக்கப்படும், உங்கள் ஆளை அனுப்பலாம் என்று சொல்லுங்கள். வராவிட்டாலும் பிரிக்கும்போது வீடியோ எடுத்து, பாகங்களை வைத்துக்கொண்டு, சர்வீஸ் சென்டரின் அறிக்கையையோ உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயரின் அறிக்கையையோ வாங்குங்கள். பழைய வண்டியில் தேய்மானம் சகஜம் என்று எதிர்த்தரப்பு வாதிடும்போது, இது தேய்மானமல்ல, விற்ற அன்றே இருந்த கோளாறு என்று சொல்ல அந்த அறிக்கை மட்டுமே உதவும். விற்ற தேதிக்கு மிக அருகில் எடுத்த அறிக்கைக்கே அதிக மதிப்பு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யுங்கள். அது தீர்ப்புச் சொல்லும் இடமல்ல. ஆனால் கஸ்டமர் கேருக்கு மேலே இருப்பவர்கள் கண்ணில் புகார் படும். பிறகு, 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகையுடன் தபாலில் நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம்வரை என்றால் அங்கேதான் போக வேண்டும். 5 லட்சம்வரை கட்டணமே இல்லை; 10 லட்சம்வரை 200 ரூபாய்; 20 லட்சம்வரை 400. கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இணையவழியிலும் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாளும், கூடுதலாக 15 நாளும்தான். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்ட முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. ஆய்வு தேவைப்பட்டால் ஆணையமே வண்டியைச் சோதனைக்கு அனுப்ப உத்தரவிடலாம். வழக்கு சில மாதங்களில் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம்; நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். போலி என்.ஓ.சி., சேஸிஸ் எண் அடித்து மாற்றியது, அடைக்காத லோனை மறைத்து விற்றது போன்றவை மட்டும் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவை. கியர்பாக்ஸ் சத்தத்துக்காகக் காவல் நிலையம் போனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள், நாள்தான் வீணாகும்.

அரசிடம் நாங்கள் கேட்பது புதிய சட்டமல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் செய்து, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பித்துச் சான்று பெற வேண்டும். அது 5 ஆண்டு செல்லும். ஓனர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததும் படிவம் 29சி வழியாக இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த நேரம் முதல் அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். பெயர் மாற்றம், என்.ஓ.சி., ஆர்.சி. புதுப்பித்தல் ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். வண்டி வெளியே போன ஒவ்வொரு முறையும் காரணம், ஓட்டுநர், நேரம், கிலோமீட்டர் என மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும். "நான் வெறும் புரோக்கர்" என்ற சாக்குக்கே இதில் இடமில்லை. இந்த விதியை வைத்துக்கொண்டு இன்னும் அச்சடித்த டெலிவரி நோட்டிலேயே வியாபாரம் நடக்க விடுவது ஏன் என்று தெரியவில்லை.

ஆகவே போக்குவரத்துத் துறை ஆணையரகத்துக்கு எங்கள் வேண்டுகோள்: சான்று பெற்ற கடைகளின் பட்டியலை மாவட்டவாரியாக வெளியிடுங்கள், கடை வாசலில் சான்று எண்ணை எழுதி வைக்கச் சொல்லுங்கள், சான்று இல்லாத கடைகளுக்கு ஆய்வாளரை அனுப்புங்கள். அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு பழைய காரின் கண்ணாடியிலும், வாரன்ட்டி உண்டா இல்லையா, உண்டென்றால் எந்தப் பாகத்துக்கு, எத்தனை சதவீதம் என்று சொல்லும் தாளை வியாபாரி ஒட்டியாக வேண்டும் என்பது 1980களிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. நம் டெலிவரி நோட்டின் அரைப் பக்கத்தில் ஓடோமீட்டர் எண், விபத்து மற்றும் வெள்ள விவரம், வாரன்ட்டி எல்லை, ஆர்.சி. மாற்றும் கெடு தேதி என்ற நான்கு கட்டங்களை அச்சிட்டு அரசே ஒரு மாதிரிப் படிவம் வெளியிட்டால் போதும். அதுவரை அந்த நான்கையும் கையால் எழுதி முத்திரை வாங்கிய பிறகே சாவியை வாங்குங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கார் பணிமனை மெக்கானிக் ஒருவரும் நுகர்வோர் மனு எழுதித் தருபவர் ஒருவரும்,
திருச்சி.